பழுது பார்ப்பது யார்?

கிராமத்துக்கு ஏற்ற எளிய தொழில்நுட்பம் என்றதும் சூரிய அடுப்பும் சாண எரிவாயுக் கலனும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பொருட்காட்சிகளில் தனி அரங்கு அவற்றுக்குத்தான். ஆனால் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்து ஏழை வீட்டின் அன்றாடத்தை மாற்றிய கருவி எது என்று கேட்டால் பதில் வேறு. அதற்கு அரங்கு கிடையாது. தெருக்கோடியில் மூன்று காலில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடம் விட்டுவரும் பையன்கள் தொங்கி ஆடுவதையும் பொறுத்துக்கொள்கிற அடிபம்புதான் அது.

பீகாரில் சாப்பாகல், மகாராஷ்டிரத்தில் ஹாத்பம்ப், தமிழ்நாட்டில் அடிபம்பு, சில ஊர்களில் அடிகுழாய். அரசாங்கக் காகிதங்களில் அதன் பெயர் இந்தியா மார்க் 2. உலகிலேயே மிக அதிகமாகப் பயன்பட்ட கைப்பம்பு என்று அதைச் சொல்வார்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் அதே நீண்ட கைப்பிடியைப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு குழாய் என்று நாடு இறங்கியிருக்கும் இந்த வேளையில், ஓரமாக ஒதுங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பம்பின் கதையைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. பழங்கதை பேசும் ஆசையால் சொல்லவில்லை. அடிபம்பு விஷயத்தில் செய்த தவறையே குழாய் விஷயத்திலும் செய்துவிடுவோமோ என்ற கவலையால் சொல்கிறேன்.

1966-67ல் பீகாரில் கடும் வறட்சி. அதைத் தொடர்ந்து யுனிசெஃப் உதவியோடு, பாறையைத் துளைக்கும் காற்றழுத்த ரிக்குகள் இந்தியாவுக்கு வந்தன. தக்காணப் பீடபூமியில் கிணறு வெட்டுவதென்றால் வெடி வைத்து, கல் உடைத்து, மாதக்கணக்கில் மாரடிக்க வேண்டும். கோடையில் அதுவும் வறண்டு போகும். ரிக் வந்த பிறகு ஓரிரு நாளில் ஆழ்குழாய்க் கிணறு தயார். ஆயிரக்கணக்கான கிராமங்களில் துளை போட்டாயிற்று. ஆனால் அந்தத் துளைகளின் மேல் உட்கார வைத்த பம்புகள் காலை வாரின. 1970களின் நடுவில் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் கணக்கெடுத்தபோது நான்கில் மூன்று பம்புகள் வேலை செய்யவில்லை. பெரும் செலவில் துளை போட்டுவிட்டு, உடைந்த பம்பை மேலே நிறுத்தி வைத்திருந்தோம். பெண்கள் பழையபடி குளத்துக்கும் ஊற்றுக்கும் நடந்தார்கள்.

காரணம் எளிமையானது. அவை வார்ப்பிரும்புப் பம்புகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பண்ணை வீட்டுக் கொல்லையில் ஒரு குடும்பம் காலையும் மாலையும் சில வாளித் தண்ணீர் அடிப்பதற்காக வடிவமைக்கப்பட்டவற்றின் நகல்கள். இந்தியக் கிராமத்தில் அதன் தலையில் விழுந்த வேலை என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 பேருக்கு ஒரு பம்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது பின்னாளில் அரசு வைத்துக்கொண்ட அளவுகோல். அப்படியானால் ஒரு பம்பு தினமும் 10,000 லிட்டர் தர வேண்டும். நிமிடத்துக்கு 40 அடி அடித்தால் 12 லிட்டர் அளவுக்கு வரும். 10,000 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 14 மணி நேரம் ஓயாமல் அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 33,000 அடிக்கு மேல். வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம் அடி. பண்ணை வீட்டுப் பம்பின் மூட்டுகளும் ஆணிகளும் அதற்கு எத்தனை நாள் தாங்கும்?

வழி பிறந்தது ஆராய்ச்சிக் கூடத்தில் அல்ல. மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிணறு தோண்டும் பணியில் இருந்த கிறிஸ்தவ மிஷன்காரர்கள், உடைந்த பம்புகளைத் திரும்பத் திரும்ப ரிப்பேர் செய்து சலித்துப்போய், பட்டறையிலேயே வேறு மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். வார்ப்பிரும்புக்குப் பதில் எஃகு. பல மூட்டுகளுக்குப் பதில் ஒரே மூட்டு, அதில் பால் பேரிங். கைப்பிடியின் முனையில் ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியில் ராடு தொங்கும். சைக்கிள் செயினைப் பார்த்த எவருக்கும் இது புரியும். கைப்பிடி வளைந்து ஏறி இறங்கினாலும் ராடு மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக ஏறி இறங்கும். பக்கவாட்டு இழுப்பு இல்லாததால் தேய்மானம் குறைவு. பம்பும் குழாயின் தலையில் உட்காரவில்லை. அதன் கால்கள் காங்கிரீட்டில் புதைந்து நின்றன. வெளியே சிந்திய அழுக்கு நீர் மறுபடி துளைக்குள் இறங்க வழியில்லை.

இந்த சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்துத்தான் மத்திய அரசும் யுனிசெஃப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து மார்க் 2-வை உருவாக்கின. வடிவத்தைச் செப்பனிட்டு, தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யும்படி மாற்றிய பொறுப்பு பொதுத்துறை நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் கிரடாஸின் சென்னைத் தொழிற்சாலைக்கு. சோதனை நடந்தது கோவை வட்டாரத்தில், 12 பம்புகளை வைத்து. 1970களின் கடைசியில் உற்பத்தி தொடங்கியது. 1979ல் ஐ.எஸ்.ஐ. தரநிர்ணயம் வந்தது. யாரும் காப்புரிமை வாங்கவில்லை. அளவுகளைப் பார்த்து எந்தப் பட்டறையும் செய்யலாம், ஆனால் தரச் சோதனையில் தேறியாக வேண்டும். ஓர் உதிரி பாகம் கான்பூரில் செய்ததா, கோவையில் செய்ததா என்ற கவலையில்லை. எங்கே செய்திருந்தாலும் பொருந்தும். நம் நாட்டில் பெரிய விஷயங்களில்கூட இந்த ஒழுங்கு அபூர்வம்.

பலன் கண்கூடு. ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். நரம்புச்சிலந்தி என்ற கொடுமையை இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. படிக்கட்டுக் கிணற்றிலும் குளத்திலும் இறங்கி எடுத்த நீரைக் குடித்தால் உடம்புக்குள் போய், ஒரு வருஷம் கழித்துக் காலைப் பிய்த்துக்கொண்டு முழ நீளத்துக்கு வெளியே வரும் புழு. ராஜஸ்தானில் அறுவடை நேரத்தில் குடும்பம் குடும்பமாகப் படுக்கையில் கிடந்திருக்கிறார்கள். அதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தண்ணீரில் மனிதக் கால் படக்கூடாது, குடிக்கிற நீரை வடிகட்ட வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். படிக்கட்டுக் கிணறுகளை மூடி அடிபம்பு வைத்தார்கள், வடிகட்டத் துணி கொடுத்தார்கள். கடைசி நோயாளி 1996ல் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000ம் ஆண்டில் இந்தியா நரம்புச்சிலந்தி ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இதுவரை வெற்றிக் கதை. சிக்கல் அடுத்த படியில்.

எவ்வளவு உறுதியான பம்பாக இருந்தாலும் தரைக்கடியில் சிலிண்டருக்குள் ஒரு வாஷர் தேயும். ஆரம்பத்தில் அது தோல் வாஷர். காசு பெறாத சாமான். ஆனால் மார்க் 2-வில் அதை மாற்ற வேண்டுமென்றால் துளைக்குள் தொங்கும் இரும்புக் குழாய் முழுவதையும் பத்தடி பத்தடியாக மேலே தூக்கியாக வேண்டும். அதற்கு முக்காலி, கவ்விகள், நாலைந்து ஆட்கள், அவர்களை ஏற்றிவர ஒரு வண்டி. ஆகவே மூன்றடுக்கு முறை ஒன்று வந்தது, முன்மாதிரி தமிழ்நாடு. ஊரில் ஒரு பராமரிப்பாளர், அவரிடம் ஒரு ஸ்பானரும் கொஞ்சம் கிரீஸும் தபால் கார்டும். ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக். மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. பம்பு மக்கர் செய்தால் ஊர்க்காரர் கார்டு போடுவார். கார்டு போய்ச் சேர்ந்து, குழுவின் முறை வந்து, வண்டிக்கு டீசல் கிடைத்து, சாலை சரியாக இருந்து, அவர்கள் வருவார்கள். நன்றாக நடந்த மாவட்டங்களும் உண்டு. நடக்காத இடத்தில் எட்டணா வாஷருக்காக மாதக்கணக்கில் ஊர் முழுக்கக் குளத்து நீரைக் குடித்தது.

ராஜஸ்தானின் திலோனியாவில் 1972 முதல் இயங்கிவரும் சமூகப் பணி ஆய்வு மையம் இந்த ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்டது. வெறுங்கால் கல்லூரி என்று பின்னால் பெயர் பெற்ற நிறுவனம் இது. ஊரிலேயே சைக்கிள் ரிப்பேர் செய்பவன், கொல்லன், பள்ளிப் படிப்பை விட்ட இளைஞன் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினால் அவரே சில பம்புகளைப் பார்த்துக்கொள்ளமாட்டாரா? மூன்றடுக்கு எதற்கு, ஓரடுக்கு போதும் என்றார்கள். பொறியாளர்களுக்குப் பிடிக்கவில்லை. படிக்காதவன் கையில் அரசாங்கச் சொத்தா என்ற ஆட்சேபம். கடைசியில் ராஜஸ்தான் அரசு அந்த முறையை ஏற்றுக்கொண்டது. கைப்பம்பு மிஸ்திரி என்ற புதிய கிராமத் தொழிலாளி பிறந்தார். பின்னால் அந்த வேலைக்குப் பெண்களும் வந்தார்கள்.

கருவியும் மனம் மாறியது. கோவை வட்டாரத்தில் 1983 முதல் சில ஆண்டுகள் நடந்த சோதனைகளின் பலனாக மார்க் 3 வந்தது. மார்க் 2-வில் தண்ணீர் மேலேறும் குழாயின் விட்டம் ஒன்றேகால் அங்குலம். மார்க் 3-ல் அதை இரண்டரை அங்குலமாக அகலப்படுத்தினார்கள். வித்தியாசம் இவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் குழாய் அகலமானதால், அதைத் தூக்காமலே ராடை மட்டும் இழுத்து, பிஸ்டனையும் அடி வால்வையும் வெளியே எடுத்துவிடலாம். வண்டி வேண்டாம், முக்காலி வேண்டாம். ஊர்க்காரர் இருவர் ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடும் வேலை. தோல் வாஷர் போய் ரப்பர் வாஷர் வந்தது. அது பல மடங்கு உழைத்தது. ரிப்பேரை மாவட்டத் தலைநகரிலிருந்து ஊருக்குள் கொண்டுவந்தது அந்த ஒன்றேகால் அங்குல அகலம்தான். என்னைக் கேட்டால், மார்க் 2-வைவிட இதுதான் பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அகலக் குழாய்க்கு விலை அதிகம். டெண்டர் போடும் அதிகாரி பார்ப்பது வாங்கும் விலையை. ரிப்பேர் செலவு இன்னொரு இலாகாவின் கணக்கு. ஆகவே பல மாநிலங்கள் மார்க் 2-வையே தொடர்ந்து வாங்கின.

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவாகாது. புந்தேல்கண்டின் வறண்ட பூமி. கொள்ளையருக்கும் பண்ணையாருக்கும் பேர்போன பகுதி. மகிளா சமாக்யா என்ற மத்திய அரசுத் திட்டம் 1990களின் தொடக்கத்தில் அங்கே பெண்களைக் கூட்டிப் பேச வைத்தபோது, அவர்கள் கேட்டது தண்ணீர். பம்பு இருக்கிறது, ஓடவில்லை. பார்க்க ஆளும் வருவதில்லை. சரி, நீங்களே கற்றுக்கொள்ளுங்கள் என்று பயிற்சி தொடங்கியது. வந்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்களும் கோல் பழங்குடிப் பெண்களும். எழுத்து வாசனை இல்லாதவர்கள். கனத்த இரும்புக் குழாயைத் தூக்குவது பெண்களால் ஆகுமா என்று பொறியாளர்கள் கேட்டார்கள். சுள்ளிக் கட்டைத் தலையில் சுமந்து மலை இறங்கிப் பழகியவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? அவர்கள் குழாயைத் தூக்கினார்கள். பாகங்களின் பெயரை மனப்பாடமாகக் கற்றார்கள். பக்கத்து ஊர்களுக்குப் போய் ரிப்பேர் செய்தார்கள்.

இதில் தண்ணீருக்கு மேலான ஒன்றும் இருந்தது. பம்பு எந்தத் தெருவில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது நம் கிராமங்களில் நிலத்தடி நீர் மட்டுமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். மேல்சாதித் தெருவில் நிற்கும் பம்பை தலித் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு பல இடங்களில் இருந்தது, இன்னும் செத்துவிடவில்லை. அப்படிப்பட்ட தெருவில் பம்பு நின்றுபோனபோது, தலித் பெண்ணைத்தான் அழைக்க வேண்டியிருந்தது. தொடாதே என்றவர்கள் சுற்றி நின்று பார்க்க, அவள் பம்பின் தலையைக் கழற்றி, குடலை உருவி, திரும்ப மாட்டிவிட்டுப் போனாள். ரிப்பேர் ஆனதும் தீட்டு திரும்பி வந்த ஊர்களும் உண்டு. ஆனாலும் அந்தப் பெண்கள் அதோடு நிற்கவில்லை. குறிப்பெடுக்க வேண்டுமே என்று எழுதப் படிக்கக் கற்றார்கள். 'மகிளா டாகியா' என்று ஒரு செய்தித்தாளைத் தாங்களே எழுதி, படம் வரைந்து வெளியிட்டார்கள். அதன் வழித்தோன்றல்தான் 2002ல் சித்ரகூடத்தில் தொடங்கிய 'கபர் லஹரியா'. அதைப் பற்றிய ஆவணப்படம் பின்னாளில் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

பயிற்சி கொடுத்தாயிற்று, கூலி? அங்கேதான் இடறியது. பம்பு ரிப்பேரை மக்கள் சேவையாகவே பார்த்தார்கள். இலாகாவின் மெக்கானிக்குக்கு மாதச் சம்பளம், படி, ஓய்வூதியம். அதே வேலையைச் செய்யும் கிராமப் பெண்ணுக்குப் பாராட்டுப் பத்திரம். உதிரி பாகம் வாங்க அவள்தான் ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். இப்படியே எத்தனை நாள் தள்ளுவாள்?

எதிர் உதாரணமாகப் புகையில்லா அடுப்பைப் பாருங்கள். 1950களிலேயே ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்தார். 1980களில் மத்திய அரசு அதைத் தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டது. 2002ல் திட்டம் கைவிடப்படும்வரை 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வீடுகளில் வைக்கப்பட்டதாகக் கணக்கு. வைத்த அடுப்புகளின் கணக்கு அது. எரிந்த அடுப்புகளின் கணக்கு அல்ல. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது, சுத்தம் செய்வது எப்படி என்று யாரும் காட்டித் தரவில்லை. வாய் சிறியதாக இருந்ததால் பெரிய விறகை நுழைக்கப் பெண்களே அடுப்பை இடித்துக்கொண்டார்கள். மானியம் வாங்கிக் கட்டிக்கொடுத்தவர் திரும்பி வரவில்லை. அடுப்பும் எளியதுதான், மலிவானதுதான். இருந்தும் பம்பு நின்றது, அடுப்பு விழுந்தது. அடுப்புக்கு மிஸ்திரி என்று ஒருவர் ஊருக்குள் உருவாகவே இல்லை.

அடிபம்பை நான் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அதன் எல்லைகள் தெரிந்தவைதான். மோட்டார் வைத்த பாசனக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனபோது, பம்பு நன்றாக இருந்தும் காற்றுதான் வந்தது. மேற்கு வங்கத்தில் 1983ல் கொல்கத்தாவின் தோல் நோய் மருத்துவர் கே.சி. சாஹா கண்டறிந்த ஆர்செனிக் பாதிப்பு, ஆழம் குறைந்த குழாய்க் கிணற்று நீரிலிருந்து வந்தது. குளத்து நீரில் கிருமி என்று சொல்லிக் குழாய்க் கிணற்றுக்கு அனுப்பப்பட்ட மக்கள் அங்கே விஷத்தைக் குடித்தார்கள். ராஜஸ்தானிலும் ஆந்திரத்திலும் ஃபுளோரைடு பற்களையும் எலும்பையும் தின்றது. தண்ணீரைச் சோதிக்காமல் பம்பு வைத்ததற்குக் கொடுத்த விலை அது. எல்லாவற்றுக்கும் மேல், அடிபம்பிலிருந்து குடத்தை வீட்டுக்குச் சுமப்பது இன்னும் பெண்தான். வீட்டுக்குள் குழாய் வந்தால் யாருக்குக் கசக்கும்?

ஆகவே 2019 சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் நோக்கத்தில் குறை காண எதுவுமில்லை. ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் குழாய், ஆளுக்கு தினம் 55 லிட்டர். தொடங்கியபோது குழாய் இருந்த கிராமத்து வீடுகள் 3 கோடியே 23 லட்சம். இன்று 15 கோடியைத் தாண்டிவிட்டது. 2024க்குள் முடிப்பதாகச் சொன்னது முடியவில்லை. 2025 பட்ஜெட்டில் கெடுவை 2028 வரை நீட்டித்தார்கள். குறுகிய காலத்தில் இவ்வளவு இணைப்பு என்பது சாதாரணச் சாதனை அல்ல.

ஆனால் இணைப்பின் எண்ணிக்கையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 3 கோடி அடுப்புகள் நினைவுக்கு வருகின்றன. அடிபம்பில் ஒரு வாஷர் போனால் 250 பேருக்குத் தண்ணீர் இல்லை. குழாய்த் திட்டத்தில் மோட்டார் எரிந்தால் ஊருக்கே இல்லை. அதை ரிப்பேர் செய்ய ஸ்பானர் போதாது. மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரிய வேண்டும், மின் கட்டணம் கட்டப் பணம் வேண்டும், தொட்டியைக் கழுவிக் குளோரின் போட ஆள் வேண்டும். சின்ன இயந்திரத்துக்கே மிஸ்திரியை உருவாக்க இருபது வருஷம் பிடித்த நாடு இது.

குழாய்த் திட்டத்தின் கீழ் ஊருக்கு ஐந்து பெண்கள் வீதம் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தருகிறார்கள். வரவேற்க வேண்டிய ஏற்பாடு. 1980களில் வங்காளத்தில் அப்படி ஐந்து பேர் இருந்திருந்தால் எத்தனையோ கைகால்கள் புண்ணாகாமல் தப்பியிருக்கும். அதே பெண்களில் இரண்டு பேருக்கு மோட்டாரையும் வால்வையும் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தால் என்ன? அதற்கு மாதச் சம்பளத்தைப் பஞ்சாயத்துக் கணக்கிலேயே வைத்தால் என்ன? கெடு நீட்டித்த பட்ஜெட் உரையிலேயே, இனி பராமரிப்பில் கவனம், அதுவும் மக்கள் பங்கேற்போடு என்றார் நிதியமைச்சர். நம் நாட்டில் மக்கள் பங்கேற்பு என்றால் பெரும்பாலும் சம்பளமில்லாத பெண் என்று அர்த்தம்.

பாந்தாவில் கேட்கப்படாமல் போன கேள்வி அதுதான். 2028க்குள் இன்னும் சில கோடி இணைப்புகள் வரும். அதற்குள் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் இரண்டு வரி எழுதிப்போட உத்தரவிடலாம்: சென்ற மாதம் குழாயில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, நின்றால் கூப்பிட வேண்டிய ஆள் யார். இரண்டாவது வரியில் மாவட்டத் தலைநகரின் தொலைபேசி எண் இருக்கக் கூடாது. அந்த ஊரில் குடியிருக்கும், அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கும் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும்.